மருந்துன்னு சொல்றதை முதல்ல நிறுத்துங்க



போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க ஊர் மாரியம்மன் கோயில் திண்ணையில விவசாயிங்க பத்துப் பதினஞ்சு பேர் கூடினோம். ட்ரோன் வெச்சு மருந்தடிக்கிறதைப் பத்தித்தான் பேச்சு. எல்லாரும் ஒண்ணாச் சேர்ந்து வாடகைக்கு எடுத்தா ஏக்கருக்கு இவ்வளவுதான் ஆகும், ஆள் கூலி மிச்சம், காலையில ஆறரைக்கு ஆரம்பிச்சா மத்தியானச் சோத்துக்குள்ள முப்பது ஏக்கர் முடிஞ்சிடும்னு கணக்குப் போட்டாங்க. கணக்கு சரிதான். ஆள் கிடைக்காத ஊர்ல மிஷின் வர்றதை நான் குத்தம் சொல்லல.

நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். "முருங்கை பூவுல நிக்குது. எங்க காட்டு அரசாணியும் பூவுல நிக்குது. காலையில அடிச்சா ஈயெல்லாம் என்ன ஆகும்?"

சிரிச்சாங்க. எங்க பெரியப்பா மகன், எனக்கு மூணு வயசு மூத்த அண்ணன், அவர்தான் எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொன்னார். "ஏன்டா தம்பி, ஈக்குப் பாவம் பார்த்தா சோத்துக்கு என்னடா பண்ணுவே?"

மறுபடியும் சிரிப்பு. எனக்கு அந்த இடத்துல பதில் வரல. நான் அப்படித்தான். பத்தாவது வரைக்கும் படிச்சேன், கூட்டத்துல பேசிப் பழக்கமில்ல. வீட்டுக்கு வந்து கட்டில்ல படுத்தா தூக்கம் வரல. சொல்ல வேண்டிய பதில் நடுச்சாமத்துலதான் வந்துச்சு. அதைத்தான் இங்க எழுதறேன். அண்ணன் இந்தப் பக்கத்தைப் படிப்பாரு. படிச்சுட்டுத் திட்டட்டும்.

அண்ணா, நான் ஈக்குப் பாவம் பார்க்கல. சோத்துக்குத்தான் பார்க்கிறேன்.

2016-ல எனக்கு நடந்ததை முதல்ல சொல்லிடறேன். அந்த வருஷம் ஆடிப்பட்டத்துல அறுபது சென்ட் அரசாணி போட்டிருந்தேன். (வேற ஊர்க்காரங்க பூசணி, பரங்கின்னு சொல்வீங்க.) கொடி நல்லா ஓடி, பூ எடுக்கிற சமயம். இலையில சிவப்பு வண்டு ஓட்டை போட்டிருந்துச்சு. எண்ணிப் பார்த்தா ஒரு கொடிக்கு ரெண்டோ மூணோ இருந்திருக்கும். அப்ப நான் எங்க எண்ணினேன்? ஓட்டையைப் பார்த்ததும் வண்டியை எடுத்துக்கிட்டு மருந்துக்கடைக்கு ஓடினேன். கடைக்காரர் இலையைக்கூடக் கேட்கல. ரெண்டு டப்பாவை எடுத்து வெச்சு, "இதுல இவ்வளவு மில்லி, அதுல இவ்வளவு மில்லி, கலந்து அடிச்சுருங்கண்ணா, ஒரு பூச்சி நிக்காது"ன்னார். மறுநாள் காலை எட்டு மணிக்கு அடிச்சேன்.

அவர் சொன்னது நிஜம். ஒரு பூச்சி நிக்கல.

எங்க கிணத்து மேட்டு வேப்பமரப் பொந்துல எங்க அப்பா காலத்துலருந்து அடுக்குத்தேனீ இருந்துச்சு. மூணாம் நாள் மரத்தடியில பார்த்தா, உளுந்தைக் கொட்டி வெச்ச மாதிரி ஈ செத்துக் கிடக்குது. சிலது சாகாம ஒரே இடத்துல சுத்திக்கிட்டுக் கிடந்துச்சு. பார்த்தேன், ஐயோன்னு இருந்துச்சு, அப்புறம் வேலையைப் பார்க்கப் போயிட்டேன். பொய் சொல்லக்கூடாது, அன்னிக்கு எனக்கு அவ்வளவுதான் தோணுச்சு.

பத்து நாள் கழிச்சுத்தான் புத்தி வந்துச்சு. பிஞ்சு எல்லாம் மஞ்சளாகி, வெம்பி, உதிருது. கையால தொட்டாப் போதும், விழுந்திடுது. மறுபடியும் கடைக்குப் போனேன். பிஞ்சு நிக்கறதுக்கு ஒரு டானிக் குடுத்தார். அதையும் அடிச்சேன். அப்பவும் உதிருது.

களை எடுக்க வந்த அம்மா ஒருத்தங்க, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவங்க, கொத்தை ஊணிக்கிட்டு நின்னு சொன்னாங்க: "ஏனுங் தம்பி, பூவுல ஈயே வரலீங்களே. அப்புறம் எப்படிங் காய் நிக்கும்?"

ரெண்டு கடை பில்லுக்கும் கிடைக்காத விவரம் அந்த ஒரு வார்த்தையில இருந்துச்சு.

அரசாணியில ஆண் பூ வேற, பெண் பூ வேற. பெண் பூவுக்கு அடியில குட்டிப் பிஞ்சு இருக்கும். ஆண் பூவுல நீளக் காம்புதான் இருக்கும். ஆண் பூவோட மகரந்தம் பெண் பூவுக்குப் போய்ச் சேர்ந்தாத்தான் அந்தப் பிஞ்சு காயாகும். இந்த மகரந்தம் நெல்லு, சோளத்துக்கு மாதிரிக் காத்துல பறக்காது. ஒட்டற ஜாதி. யாராவது சுமந்துக்கிட்டுப் போகணும். பூ விடியறப்ப விரியும், மத்தியானத்துக்குள்ள சுருங்கிடும். அந்த நாலஞ்சு மணி நேரம்தான் கல்யாண முகூர்த்தம். அந்த முகூர்த்தத்துல போய் விஷம் தெளிச்ச ஆளு நான்.

அதுக்கப்புறம் நானும் எங்க வீட்ல அம்மணியும் தினம் காலையில ஆறு மணிக்குக் காட்டுல இறங்கினோம். ஆண் பூவைப் பறிச்சு, இதழைக் கிழிச்சுட்டு, நடுத்தண்டைப் பெண் பூவுல ஒத்தி எடுக்கணும். குனிஞ்சபடியே போகணும். பன்னெண்டு நாள் செஞ்சோம். மூணாம் நாளே இடுப்பு விட்டுப் போச்சு. அறுபது சென்ட்டுல பாதியைக்கூட எங்களால ஒழுங்காப் பார்க்க முடியல. ரெண்டு பேர் கூலியைக் கணக்குப் போட்டுப் பார்த்தப்பதான் தெரிஞ்சது, எங்க அப்பா காலத்துலருந்து அந்த வேப்பமரப் பொந்து எங்க குடும்பத்துக்கு எவ்வளவு பணம் குடுத்திருக்குன்னு. ஒரு நாளும் கூலி கேட்கல. சாப்பாடு போடல, டீ வாங்கித் தரல. விஷம் மட்டும் குடுத்தேன்.

அண்ணன் கேட்ட கேள்வியை இப்ப நான் திருப்பிக் கேட்கிறேன். ஈயைக் கொன்னுட்டா சோத்துக்கு என்னண்ணா பண்றது?

இந்த வெனையெல்லாம் ஒரு வார்த்தையிலதான் ஆரம்பிக்குதுன்னு எனக்குத் தோணுது. மருந்து. காய்ச்சலுக்குக் குடிக்கிறதும் மருந்து, கத்தரிக்கு அடிக்கிறதும் மருந்து. விக்கிறது மருந்துக்கடை, அடிக்கிறவன் மருந்தடிக்கிறவன். சர்க்காரு போட்ட சட்டத்துக்குப் பேரு பூச்சிக்கொல்லிச் சட்டம், 1968. சட்டத்துல கொல்லின்னு இருக்கிறது நம்ம வாயில வந்ததும் மருந்தாயிடுது. டப்பாவைத் திருப்பிப் பாருங்க. சாய்ஞ்ச சதுரம் ஒண்ணு போட்டிருப்பான், கீழ்ப்பாதியில கலர் இருக்கும். சிவப்புன்னா கடுமையான விஷம். அதுக்கடுத்தது மஞ்சள், அப்புறம் நீலம், கடைசியில பச்சை. சிவப்புல மண்டை ஓடும் எலும்பும் போட்டே விக்கிறான். அவன் ஒளிக்கல. நாமதான் படிக்கல. பச்சைன்னு இருந்தாலும் அது மனுசனுக்குப் பார்த்துப் போட்ட தரம். தேனீக்கு ஒண்ணும் ஆகாதுன்னு அதுக்கு அர்த்தமில்ல.

எங்க ஊர்ல எந்தப் பையனைக் கேட்டாலும் பூச்சிக்கொல்லி பேரு இருபது சொல்வான், மில்லி கணக்கோட. அவன் காட்டுல இருக்கிற பூச்சி பேரு பத்து சொல்லச் சொல்லுங்க. முழிப்பான். எதிரி யாரு, பங்காளி யாருன்னு தெரியாம அரிவாளை வீசற மாதிரிதான் இது.

நானும் அப்படித்தான் வீசினேன். தட்டைப்பயிர்ல அசுவினி அப்பியிருந்த எடத்துல, கருப்பா, ஆரஞ்சுப் புள்ளி வெச்சு, முதலைக்குட்டி மாதிரி ஒரு புழு ஊர்ந்துக்கிட்டிருக்கும். பார்க்க அசிங்கமா இருக்கும். எத்தனை வருஷம் அதை நசுக்கியிருப்பேன்னு எனக்கே தெரியாது. அது பொறிவண்டோட குஞ்சு. வண்டானதும் புள்ளைங்க கையில ஏத்தி விளையாடற அதே செவப்பு வண்டு. புழுவா இருக்கிறப்பத்தான் அதுக்குப் பசி அதிகம். வளர்ந்து முடியறதுக்குள்ள நூத்துக்கணக்குல அசுவினி தின்னுடும். நம்ம வேலைக்காரனையே திருடன்னு அடிச்சுக் கொன்ன கதை இது.

இலைக்கு அடியில முடி மாதிரி நூல் நின்னு, நுனியில குண்டூசித் தலை மாதிரி வெள்ளையா இருக்கும் பாருங்க. பூஞ்சாணம்னு நெனச்சு அதுக்கும் அடிச்சவங்க உண்டு. அது கண்ணாடி இறக்கைப் பூச்சி வெச்ச முட்டை. அதோட குஞ்சும் அசுவினி, மாவுப்பூச்சி எல்லாத்தையும் உறிஞ்சித் தின்னும். கும்பிடுபூச்சி, தட்டான், சிலந்தி, குளவி, இதெல்லாம் நம்ம பயிரைத் திங்கறதே இல்ல. பயிரைத் திங்கறதைத் திங்குது.

அதுக்காகப் புள்ளி வெச்ச வண்டெல்லாம் நல்லதுன்னும் சொல்லல. கத்தரி இலையைச் சல்லடை மாதிரி அரிக்கிற வண்டும் பொறிவண்டு ஜாடையிலதான் இருக்கும். உடம்பு மங்கலா, புள்ளி நிறைய இருக்கும். அதோட குஞ்சு மஞ்சளா, உடம்பெல்லாம் முள்ளு. இது தெரியணும்னா காட்டுல குனிஞ்சு பார்க்கணும். கடையில நிமிர்ந்து நின்னு கேட்டாத் தெரியாது.

"இதெல்லாம் கதைக்கு நல்லாருக்கும், கொத்துக்கொத்தா வந்துட்டா விஷம்தான் காப்பாத்தும்"னு சொல்வீங்க. சரி, கொத்துக்கொத்தா வந்ததையே பேசுவோம்.

பப்பாளி மாவுப்பூச்சி ஞாபகம் இருக்கா? 2008-ல கோயமுத்தூர்ப் பக்கம் முதல்ல கண்ணுல பட்டுச்சு. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. அடுத்த ரெண்டு வருஷத்துல பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, பருத்தி எல்லாத்துலயும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி அப்பிடுச்சு. பட்டுப்புழு வளர்த்தவங்க மல்பெரியைப் பிடுங்கிப் போட்டாங்க. நாம அடிக்காத விஷமா? பூச்சி மேல மாவுப் போர்வை இருக்கு, விஷம் உள்ள இறங்கல. அடிச்சு அடிச்சு அதைத் திங்கற பூச்சியைத்தான் கொன்னோம். 2010-ல போர்ட்டோ ரிக்கோ தீவுலருந்து மூணு வகைக் குளவியைக் கொண்டு வந்தாங்க. அதுல முக்கியமானது அசிரோபேகஸ் பப்பாயே. குளவின்னதும் கொட்டறதுன்னு நெனச்சுக்காதீங்க, கடுகுல பாதி கூட இருக்காது. மாவுப்பூச்சி உடம்புக்குள்ள முட்டை வைக்கும், குஞ்சு அதை உள்ளயே தின்னுட்டு வெளிய வரும். வேளாண்மைப் பல்கலைக்கழகத்துல பெருக்கி மாவட்டம் மாவட்டமாக் குடுத்தாங்க. கொஞ்ச மாசத்துல அடங்கிப் போச்சு. நூத்துக்கணக்கான டேங்க் விஷத்தால முடியாததைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு குளவி முடிச்சு வெச்சுது.

ஒரு தடவை நடந்தது தற்செயல்னு சொன்னா இன்னொண்ணு சொல்றேன். 2020-ல மரவள்ளிக்கு வேற ஒரு மாவுப்பூச்சி வந்துச்சு. சேலம், நாமக்கல் பக்கம் பெருஞ்சேதம். அதே பூச்சி ஆப்பிரிக்காவுல முன்னாடியே மரவள்ளியை அழிச்சிட்டு இருந்துச்சு. 1980-களில் அங்க அனகைரஸ் லோபெசிங்கிற குளவியை விட்டுத்தான் அடக்கினாங்க. அந்த வேலைக்காக ஹான்ஸ் ஹெரன்ங்கிற சுவிட்சர்லாந்து விஞ்ஞானிக்கு 1995-ல உலக உணவுப் பரிசு குடுத்தாங்க. அதே குளவியை ஆப்பிரிக்காவுல பெனின் நாட்டுலருந்து வரவழைச்சு 2022-ல சேலம் ஏத்தாப்பூர்லருந்து நம்ம விவசாயிங்களுக்குக் குடுத்தாங்க.

மூணாவது நம்ம தென்னை. 2016-ல பொள்ளாச்சிப் பக்கம் வந்த சுருள் வெள்ளை ஈ. மட்டையெல்லாம் கருப்பாப் போச்சே, எல்லாரும் பதறினோமே. அப்ப வேளாண்மைத் துறையே என்ன சொன்னாங்க? பூச்சிக்கொல்லி அடிக்காதீங்க, என்கார்சியாங்கிற குளவி அதுவாவே பெருகுது, அதைக் கொன்னுடாதீங்கன்னாங்க. மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டச் சொன்னாங்க, தண்ணியை வேகமாப் பீச்சச் சொன்னாங்க, கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாப்பசை அடிக்கச் சொன்னாங்க. விஷம் விக்கிறவங்க சொல்லல, சர்க்காரு சொன்னது. எங்க ஊர்ல எத்தனை பேர் கேட்டாங்க? வேர்ல பையைக் கட்டி விஷம் ஏத்தினவங்கதான் ஜாஸ்தி.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, அது புரிஞ்சா எல்லாம் புரியும். பயிரைத் திங்கற பூச்சி சீக்கிரம் பெருகும். அதைத் திங்கற பூச்சி மெதுவாப் பெருகும். விஷம் அடிச்சா ரெண்டும் சாகும். ஆனா மிச்சம் மீதி தப்பிச்ச அசுவினி பத்து நாள்ல பழையபடி கூட்டம் சேர்த்துடும். பொறிவண்டு திரும்பி வர மாசம் ஆகும். அந்த இடைவெளியில பூச்சி முன்னைவிட அதிகமாத் தெரியும். உடனே "மருந்து பத்தல"ன்னு இன்னும் காட்டமா வாங்குவோம். நெல்லுல புகையான், பருத்தியில வெள்ளை ஈ எல்லாம் இப்படி அடிச்சு அடிச்சு வளர்த்ததுதான். கடனும் இப்படித்தானே வளருது? வட்டி கட்ட இன்னொரு கடன்.

பறவைக்கு வருவோம். எங்க காட்டுல கத்தரி, தக்காளிக்கு நடுவுல ஆள் உயரத்துக்கு மேல குச்சி நட்டு, குறுக்க ஒரு குச்சி கட்டி வெச்சிருக்கேன், ஏக்கருக்குப் பதினஞ்சு இருபது. பகல்ல இரட்டைவால் குருவி உட்கார்ந்து, அந்தும் புழுவும் பறக்கப் பறக்கப் பிடிக்கும். ராத்திரி கூகை வந்து உட்காரும், எலி பிடிக்கும். உழவு ஓட்டறப்ப மைனாவும் கொக்கும் பின்னாலயே வந்து கூட்டுப்புழுவைப் பொறுக்கும். தவிட்டுக்குருவிக் கூட்டம் சருகைக் கிளறிக்கிட்டே போகும். இதுக்கெல்லாம் நான் செலவு பண்ணினது வேலியில வெட்டின குச்சி மட்டும்தான். கூகையைப் பார்த்தா அபசகுனம்னு கல்லெடுத்து வீசறவங்க, எலி வெட்டின நெல்லை எண்ணிப் பார்க்கட்டும், எது அபசகுனம்னு தெரியும்.

"மயிலுக்கு என்ன சொல்றே?"ன்னு இங்க ஒரு கேள்வி வரும். வரட்டும். நான் மறைக்கல. மயில் என் தக்காளியையும் தின்னுது. நிலக்கடலை விதைச்சாத் தோண்டி எடுத்துடுது. அது தேசியப் பறவை, தொட்டா 1972 வனவிலங்குச் சட்டம் பாயும். மயிலால நொந்தவன் கண்ணீர் எனக்கும் தெரியும், அதுக்குச் சர்க்காரு நஷ்டஈடு தரணும்னு நானும் கை தூக்குவேன். ஆனா மயில் தின்ன கோபத்துல நெல்லுல விஷத்தைக் கலந்து வரப்புல வைக்கிறாங்களே, அதுல சாகறது மயில் மட்டுமா? குருவி, காடை, கௌதாரி, அதைத் தின்ன நாய் வரைக்கும் போகுது. பெரியவங்க சொல்வாங்க, முன்ன குள்ளநரி இருந்துச்சு, மயில் முட்டையைத் தின்னுச்சு, மயில் அளவா இருந்துச்சுன்னு. நரியை ஒழிச்சோம், இப்ப மயிலோட அழுவறோம். ஒண்ணை ஒழிச்சா இன்னொண்ணு தலை தூக்கும். இது கணக்கு.

இந்தக் கணக்கை ஒரு நாடே தப்பாப் போட்டுச்சு. சீனாவுல 1958-ல குருவி தானியம் திங்குதுன்னு ஊர் ஊரா தட்டைத் தட்டி, உட்கார விடாம விரட்டிக் கொன்னாங்க. குருவி போச்சு, புழுவும் வெட்டுக்கிளியும் பெருகிடுச்சு. 1960-ல குருவியை அந்தப் பட்டியல்லருந்து எடுத்துட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தாங்க. அந்த வருஷங்கள்ல அங்க வந்த பஞ்சத்துக்கு வேற காரணங்களும் நிறைய உண்டு. ஆனா குருவியைக் கொன்னு தானியம் மிச்சமாகலங்கிறது மட்டும் நிச்சயம்.

சரி, இனி என்கிட்ட கேட்கிற மூணு கேள்விக்குப் பதில்.

முதல் கேள்வி: "நீ மூணு ஏக்கர்க்காரன், உனக்குக் கட்டும். பத்து ஏக்கர் வெச்சிருக்கிறவன் குனிஞ்சு பூச்சி எண்ணிக்கிட்டிருக்க முடியுமா?" எல்லாச் செடியையும் எண்ண வேண்டாங்க. காட்டுல அஞ்சு இடம், இடத்துக்கு நாலு செடி. இருபது செடி, அரை மணி நேரம். பத்து ஏக்கர்க்காரருக்கு விஷச் செலவு என்னைவிட மூணு பங்கு. அரை மணி நேரத்துல ஒரு டேங்க் மிச்சமானாலும் யாருக்கு லாபம்?

ரெண்டாவது: "நான் அடிக்கலைன்னா பக்கத்துக் காட்டுப் பூச்சி என் காட்டுக்கு வருமே?" வரும். அதே மாதிரி என் காட்டுப் பொறிவண்டும் குளவியும் பக்கத்துக் காட்டுக்குப் போகும். அதைப் பத்தி யாரும் நன்றி சொன்னதில்ல. அண்ணன் காட்டு முருங்கையில காய் பிடிக்குதே, அங்க மொய்க்கிற கருவண்டு எங்க குடியிருக்கு? என் வேலியில காய்ஞ்ச கிளுவைக் கம்புலயும் பழைய கொட்டாய் மரத்துலயும் ஓட்டை போட்டுக் குடியிருக்கு. அந்தக் கொட்டாயைப் பிரிச்சுப் போடுன்னு அவரே ரெண்டு தடவை சொல்லியிருக்காரு.

மூணாவதுதான் கஷ்டமான கேள்வி: "மகசூல் போச்சுன்னா நீ தருவியா?" தர மாட்டேன், என்கிட்ட இல்ல. அதனால நான் விஷமே தொடாதேன்னு யாருக்கும் சொல்லல. இதுல இயற்கை விவசாயம் பேசற சில பேரோடயும் எனக்குச் சண்டை உண்டு. டவுன்லருந்து கார்ல வந்து, ஒரு ராத்திரி தங்கிட்டு, எதுவும் அடிக்காதீங்க, இயற்கை பார்த்துக்கும்னு சொல்லிட்டுப் போயிடறாங்க. கடன் நோட்டீஸ் அவங்க வீட்டுக்கு வராது. காய் சொத்தையாப் போனா மண்டியில மூட்டையை இறக்கவே விடமாட்டான். போன வருஷம் நான் ரெண்டு தடவை அடிச்சேன். கத்தரியில காய்ப்புழு கை மீறிப் போனப்ப ஒரு தடவை, தக்காளியில ஒரு தடவை. முன்ன வாரம் ஒண்ணு அடிச்சவன். அதுவும் முன்னாடி இனக்கவர்ச்சிப் பொறி வெச்சு, வாடின நுனியைக் கிள்ளி எரிச்சு, வேப்பங்கொட்டைக் கரைசல் அடிச்சு, எல்லாம் பார்த்துட்டு, வேற வழியில்லாம, பொழுது சாய்ஞ்சு ஈ கூட்டுக்குப் போனப்புறம் அடிச்சேன். வேப்பங்கொட்டைக் கரைசலையே சாயங்காலம்தான் அடிக்கிறேன்.

சண்டை போடணும்னா வண்டோட போடலாம். ஆனா ஆள் யாருன்னு பார்த்துட்டுப் போடணும், அடிக்கிற நேரம் பார்த்துட்டு அடிக்கணும். அவ்வளவுதான் நான் கேட்கிறது.

இன்னொண்ணும் சொல்லிடறேன். வரப்புல களைக்கொல்லி அடிச்சுச் சுடுகாடு மாதிரி வெச்சிருக்கிறதை சுத்தம்னு நெனச்சுக்கிட்டிருக்கோம். தும்பையும் துளசியும் நாயுருவியும் ஆவாரையும் இருந்தாத்தான் நம்ம பயிர் பூக்காத மாசத்துல ஈக்குச் சாப்பாடு. வருஷத்துல ஒன்றரை மாசம் மட்டும் வேலைக்கு வா, மிச்ச நாள் பட்டினி கிடன்னு சொன்னா எந்த ஆள் வருவான்? வரப்பை வெட்டுங்க, எரிக்காதீங்க. ஓரமா நாலு சால் தட்டைப்பயிர், சோளம், ரெண்டு ஆமணக்கு, கொஞ்சம் செண்டுமல்லி. அசுவினி தட்டைப்பயிருக்குப் போகும், அதைத் தேடிப் பொறிவண்டு வரும். புரோடீனியாப் புழு ஆமணக்குல முட்டை வைக்கும், அந்த இலையை மட்டும் கிள்ளி எடுத்துடலாம்.

2018-ல ஐரோப்பாக்காரங்க இமிடாகுளோபிரிட், தையமீத்தாக்சம், குளோத்தியானிடின்னு மூணையும் வெட்டவெளிக் காட்டுல அடிக்கக் கூடாதுன்னு நிறுத்தினாங்க. காரணம் தேனீ. அந்த மூணுல ரெண்டு நம்ம ஊர்ல டீக்கடை பிஸ்கட் மாதிரி எல்லாருக்கும் தெரிஞ்ச பேரு. அவங்களுக்கு ஈ மேல பாசம்னு நெனக்கிறீங்களா? அவங்களும் கணக்குத்தான் பார்த்தாங்க. ஆப்பிளும் சூரியகாந்தியும் அவங்களுக்கும் காய்க்கணும்.

வர்ற ஞாயித்துக்கிழமை மறுபடியும் கூட்டம் இருக்கு. இந்தத் தடவை எழுதி எடுத்துக்கிட்டு வர்றேன், மறக்காம இருக்க. நான் கேட்கப் போறது நாலுதான்.

ட்ரோன் வரட்டும், ஆனா காலையில வேண்டாம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல, காத்து இல்லாதப்ப ஓட்டட்டும். ஒரே நாள்ல முப்பது ஏக்கர் முடியாது, நாலு நாள் ஆகும். ஆகட்டும்.

பூவுல நிக்கிற காட்டுக்கு மேல வேண்டாம். முருங்கை, அரசாணி, எள்ளு, சூரியகாந்தி பூத்திருந்தா அந்தக் காட்டையும் பக்கத்து வரப்பையும் விட்டுடணும்.

அடிக்கிறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஊர்ல சொல்லிடணும். ஆடு மேய்க்கிறவங்களுக்கும் களை எடுக்கிறவங்களுக்கும் தெரியணும். அவங்க பூச்சியைவிடப் பெரிசாச்சேன்னு விஷம் விட்டுடாது.

எல்லாத்துக்கும் முன்னாடி, ஒவ்வொருத்தரும் அவங்கவங்க காட்டுல இருபது செடி பார்த்துட்டு, அடிக்க வேணுமான்னு சொல்லணும். பார்க்காதவங்க காட்டுக்கு ட்ரோன் கிடையாது. பேரு தெரியாத பூச்சியா இருந்தா அந்தக் களை எடுக்கிற அம்மாவைக் கூப்பிட்டுக் கேளுங்க. வெக்கப்படாதீங்க. நான் கேட்டுத்தான் கத்துக்கிட்டேன்.

கிணத்து மேட்டு வேப்பமரத்துக்கு என்ன ஆச்சுன்னு சொல்லல இல்லீங்களா? மூணு வருஷம் அந்தப் பொந்து காலியாக் கிடந்துச்சு. பல்லிதான் குடியிருந்துச்சு. நானும் காலையில தண்ணி கட்டப் போறப்ப ஒரு தடவை காதை வெச்சுப் பார்ப்பேன், சத்தமே இருக்காது. 2019 கார்த்திகையில ஒரு நாள் ஙொய்யுன்னு ஒரு சத்தம். எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியல. நான் வீட்டுக்கு ஓடிப் போய் அம்மணியைக் கூட்டிக்கிட்டு வந்து காட்டினேன். அவ ஒண்ணும் பேசல, கொஞ்ச நேரம் நின்னு பார்த்தா. அப்புறம் சொன்னா: "இந்தத் தடவையாவது ஒழுங்கா வெச்சுக்கோங்க."

அந்த மரத்துக்கும் அண்ணன் காட்டுக்கும் நடுவுல ஒரு வரப்புதான். ஈக்கு வரப்பு தெரியாது. ஒரு கிலோமீட்டருக்கு மேலயும் போய்ப் பூ பார்த்துட்டு வர்ற ஜாதி அது. நான் மட்டும் நல்லவனா இருந்தா அதைக் காப்பாத்த முடியாது. அண்ணன் மனசு வைக்கணும்.

அண்ணா, ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி ஒரு நாள் காலையில ஏழு மணிக்கு நம்ம அரசாணிக் காட்டுக்கு வாங்க. டீ கொண்டாந்து வெக்கிறேன். ஒரு பூவுக்குப் பக்கத்துல கால் மணி நேரம் உட்காருங்க. எத்தனை பேர் வந்து வேலை பார்த்துட்டுப் போறாங்கன்னு எண்ணுங்க. அப்புறமும் காலையிலதான் அடிக்கணும்னு தோணுச்சுன்னா, கூட்டத்துல சொல்லுங்க. நான் வாயைத் திறக்கல.